விருதம்பட்டில் நிற்கும்

சத்துவாச்சாரியில் ஒரே உதையில் பிடிக்கும்.
கிரீன் சர்க்கிளில் யாருக்கும் வழிவிடாது.
பாலாற்றுப் பாலம் ஏறும்வரை
எழுபத்தொன்பது மாடல் யெஸ்டி
இரண்டு சைலன்சரிலும் பெருமையடித்துக்கொண்டே வரும்.
பாலம் இறங்கி, விருதம்பட்டில்,
கோழிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே
இருமும், இழுக்கும், நிற்கும்.
கோழிக்கடைக்காரர் இப்போதெல்லாம்
எங்களுக்கென்று நிழலில் ஓர் இடம் விட்டுவைக்கிறார்.

கார்புரேட்டர்தான் என்றேன்.
வேறென்னவாக இருக்க முடியும்.

முதல் ஞாயிறு கிண்ணத்தைக் கழற்றினேன்.
அடியில் செம்மண் வண்டல், ஓர் எறும்பின் பாதி.
மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன்:
உள்ளே தளும்பல் இல்லை, ஓட்டை இல்லை.
பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால்
ஊசிமுனை அளவு வானம் தெரிந்தது.
மெயின் ஜெட்டில் இன்னும் கொஞ்சம் பெரிய வானம்.
எல்லாம் சுத்தம்.
திங்கட்கிழமை விருதம்பட்டில் நின்றது.

காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்றது பிளக்:
சுண்ணாம்பு தொட்ட விரல்போல் வெளுத்த முனை.
ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன்.
நின்றது.
காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே. நின்றது.
காகிதப்பட்டறை ஷபீக்
மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கினான்,
மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடினான்,
'அண்ணே, அக்னி நட்சத்திரம்,
வழியிலேயே ஆவியாப் போகுது' என்று
ஈரத்துணி சுற்றச் சொன்னான்.
கைக்குட்டையை நனைத்துச் சுற்றினேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிக்குப் போடுவதுபோல்.
ஈரக் கைக்குட்டையோடு நின்றது.

அமுலு பின்சீட்டிலிருந்து இறங்குவாள்.
அவளுக்கு ஏழு பத்து ரயில், வாலாஜா ரோடுக்கு.
இந்த மாதம் நான்கு முறை தவறவிட்டாள்.
காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பார்ப்பவள்;
'மாடு குறுக்கே வந்தது' என்று எழுதியிருந்தால்
எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்பவள்.
கைப்பையை அணைத்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்று கேட்டாள்:
'நின்னதும் மொதல்ல என்ன பண்றீங்க?'
உதைப்பேன்.
'புடிக்குதா?'
இல்லை.
'அப்புறம்?'
சோக் போட்டு உதைப்பேன். டிக்ளரை அமுக்குவேன். திட்டுவேன்.
'அப்புறம்?'
மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று...
'ம். அதுக்கப்புறம் ஒரே உதை.
பதினோரு தடவை எண்ணிட்டேன்.
தொறக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது.
நீங்க திட்டிக்கிட்டே இருப்பீங்க, காதுல விழாது.'

மூடியைக் கழற்றிக் கையில் வாங்கினாள்.
காற்று போக அதில் ஒரு துளை உண்டு,
கடுகைவிடச் சிறியது.
உள்ளே காற்று நுழைந்தால்தான்
பெட்ரோல் கீழே இறங்கும்.
நுழையாமல் பாலம்வரை எப்படியோ கொடுத்துவிட்டு
அதற்குமேல் கையை விரித்திருக்கிறது டாங்க்.
துளையை அடைத்து வெள்ளையாய் இறுகிக் கிடந்தது
ஞாயிறுதோறும் நான் தேய்த்த மெழுகுப் பாலிஷ்.
முகம் பார்க்கலாம் அந்த மூடியில்.
பார்த்தேன்.

வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினாள்.
கோழிக்கடைக்காரர் கத்தியை நிறுத்தினார்.

இன்று விருதம்பட்டைத் தாண்டினோம்.
நிழலில் எங்கள் இடம் காலியாக இருந்தது.
காட்பாடி ஸ்டேஷன் வாசலில்தான் தெரிந்தது,
இல்லாத நோய்க்கு நான் கொடுத்த மருந்தெல்லாம்
இப்போது வேலை செய்கிறதென்று:
பெரிய ஜெட், உயர்ந்த ஊசி, இறுக்கிய திருகு.
வாசல் முழுக்கப் புகை. ஆட்டோக்காரர்கள்
துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.
அமுலு புகையைக் கையால் விலக்கிக்கொண்டு
திரும்பிப் பாராமல் படியேறினாள்.
ஏழு ஐந்து.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.
காற்றுத் திருகு, கால் சுற்று வெளியே.
மாற்றியதையெல்லாம் திரும்ப மாற்றவேண்டும்.
எதற்குப்பின் எதை மாற்றினேன் என்று
அவளைத்தான் கேட்கவேண்டும்.